நாடகமும் அரசியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசியல், அடையாளம், சமூகச் சிக்கல்கள் ஆகியவற்றோடு இன்றைய அரங்கு கொள்ளும் உறவைப் பற்றி, நாடகம் பார்ப்பவர்களும் புதிதாக நாடகம் செய்ய வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. அவற்றுக்கான பதில்கள் இங்கே உள்ளன. எல்லாப் பதில்களும் ஒரே நீளத்தில் இல்லை. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும்.

எந்த நாடகத்தை அரசியல் நாடகம் என்று சொல்லலாம்?

ஆட்சி, தேர்தல், சாதி, போர் என்று எடுத்துக்கொண்ட பொருளை வைத்து முடிவு செய்வதே வழக்கம். பொருளை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் கணக்கு தப்பிவிடும். அமைச்சரைச் சாடும் வசனத்துக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டே, வீட்டுவேலை செய்யும் பெண்ணைச் சிரிப்பு மூட்டுவதற்காக மட்டும் மேடைக்கு அழைத்துவரும் நாடகம் யாருடைய அரசியலைப் பேசுகிறது? யார் நடுமேடையில் நிற்கிறார், யார் ஓரத்தில் தட்டேந்தி நிற்கிறார், யாருடைய பேச்சு செம்மையாகவும் யாருடைய பேச்சு கேலிக்கென்றும் எழுதப்பட்டிருக்கிறது, அரங்கத்தின் வாசல்படியை யாரால் கூச்சமின்றி மிதிக்க முடிகிறது ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு நாடகத்தின் அரசியல் பிடிபடும்.

“எல்லா நாடகமும் அரசியல் நாடகம்தான்” என்ற வாதம் உண்மையானது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஒரு நாடகத்துக்கும் அடுத்த நாடகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வழியில்லாமல் போகிறது. தான் எடுத்திருக்கும் நிலையைத் தானே அறிந்து, அதைப் பார்வையாளரின் முன் கேள்விக்கு வைக்கும் நாடகத்தையே இந்தப் பதில்களில் அரசியல் நாடகம் என்று குறிப்பிடுகிறோம்.

இது அண்மைக்காலப் போக்கா?

இல்லை. இன்று நமக்குக் கிடைக்கும் கிரேக்க நாடகங்களில் மிகப் பழையது, கி.மு. 472இல் ஏதென்ஸில் மேடையேறிய ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’. எட்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் நகரத்தையே எரித்த எதிரியின் தோல்வியை, அந்த எதிரியின் அரண்மனையிலிருந்து, அவனுடைய தாயின் துயரத்தின் வழியாக அது சொல்கிறது. வென்றவர்கள் உட்கார்ந்து தோற்றவர்களின் ஒப்பாரியைக் கேட்ட அந்தக் காட்சியைவிட அரசியலான ஒன்றை இன்றும் யோசிப்பது கடினம். இந்தியாவில் ஆங்கிலேய அரசு 1876இல் நாடகங்களைத் தடை செய்வதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்ததும், மேடைக்கு இருந்த வலுவை ஆட்சியாளர்கள் நன்றாக உணர்ந்திருந்ததால்தான்.

சமூகச் சிக்கல் ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்ளச் செய்தியும் ஆவணப்படமும் இருக்கும்போது நாடகம் எதற்கு?

தகவலுக்காக என்றால் நாடகம் தேவையில்லை. செய்தித்தாள் அதை விரைவாகவும் சரியாகவும் தரும். நாடகத்திடம் உள்ளது வேறொன்று: உயிருள்ள ஓர் உடல், உயிருள்ள மற்ற உடல்களின் முன், ஒரே அறையில், ஒரே நேரத்தில் நிற்கிறது. திரையில் அழுபவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அது அவருக்குத் தெரியப்போவதில்லை. பத்தடி தொலைவில் நிற்கும் நடிகருக்கு நீங்கள் முகத்தைத் திருப்புவது தெரியும். உங்கள் பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரியும். எங்கே எல்லோரும் சிரித்தார்கள், எங்கே ஒருவர் மட்டும் சிரித்தார், எங்கே சிரிப்பு பாதியில் நின்றது என்பதெல்லாம் நாடகத்தின் பகுதியாகிவிடுகின்றன.

பிரெக்ட் சொன்ன ‘தூரப்படுத்தல்’ என்றால் என்ன? அது இன்றும் பயன்படுகிறதா?

கதையில் மூழ்கி, பாத்திரத்தோடு சேர்ந்து அழுது, மனப்பாரம் இறங்கி வீட்டுக்குப் போகும் பார்வையாளர் எதையும் மாற்ற மாட்டார் என்று ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் கருதினார். பழகிப்போன ஒன்றை முதன்முறை பார்ப்பதுபோலப் பார்க்கவைக்க வேண்டும், “இது இப்படித்தான் நடக்க வேண்டுமா?” என்ற கேள்வி எழ வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். காட்சிக்கு முன்பே முடிவை எழுதிக் காட்டுவது, நடுவில் பாட்டு வைப்பது, விளக்குகளை மறைக்காமல் வைப்பது போன்றவை அதற்கான உத்திகள். கட்டியங்காரன் கூத்துக்குள்ளும் வெளியிலுமாக நின்று பேசுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் பாதி புதிதாகத் தோன்றாது.

ஆனால் உத்தி எண்ணியபடியே வேலை செய்யும் என்று நம்பிவிடக் கூடாது. அவருடைய ‘துணிச்சல்காரத் தாய்’ 1941இல் சூரிச்சில் மேடையேறியது. போரில் வணிகம் செய்து பிழைக்கும் அந்தப் பெண், போருக்கே தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பறிகொடுக்கிறாள். அவளுடைய வணிகப் புத்தியைப் பார்வையாளர்கள் குற்றமாகப் பார்க்க வேண்டும் என்று பிரெக்ட் எதிர்பார்த்தார். அவர்களோ ஒரு தாயின் சோகத்தைப் பார்த்துக் கலங்கினார்கள். 1949இல் பெர்லின் மேடையேற்றத்துக்காக அவர் காட்சிகளை மாற்றினார். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட விலையுயர்ந்த சட்டைகளைத் தர அவள் மறுக்கும்படி ஆக்கினார். பெர்லினிலும் மக்கள் அழுதார்கள். நாடகாசிரியர் எழுதுவதும் பார்வையாளர் எடுத்துக்கொள்வதும் ஒன்றாகிவிடுவதில்லை என்பதை, இதைவிட நேர்மையாகக் காட்டும் நிகழ்வு நாடக வரலாற்றில் குறைவு.

கடுமையான விஷயத்தை நகைச்சுவையாகச் சொன்னால் அதன் கனம் குறைந்துவிடாதா?

குறையலாம். ஆனால் அழுகையைவிடச் சிரிப்புதான் நீண்ட நாள் உறுத்தும் என்பது இத்தாலியின் தாரியோ ஃபோவின் வாதம். அழுதால் ஆத்திரம் கரைந்துவிடும், சிரித்தால் உள்ளே தங்கிவிடும் என்று அவர் எண்ணினார். 1969 டிசம்பரில் மிலான் நகர வங்கியொன்றில் குண்டு வெடித்ததை அடுத்துக் காவலில் எடுக்கப்பட்ட ரயில்வே தொழிலாளி ஜூசெப்பே பினெல்லி, காவல் தலைமையகத்தின் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். அது ‘விபத்து’ என்ற அதிகாரபூர்வ விளக்கத்தையே எடுத்து, அதன் முரண்பாடுகளை ஒரு பைத்தியக்காரப் பாத்திரத்தின் வாயில் வைத்து, அடுத்த ஆண்டே ஃபோ முழுநீளக் கேலி நாடகமாக்கினார். நாடகம் முடிந்த பிறகு அரங்கிலேயே விவாதம் நடக்கும். ஃபோவுக்கு 1997இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கேலி யாரை நோக்கி இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. இறந்தவரைப் பார்த்துச் சிரிக்கவைக்கும் ஒரு வரிகூட அந்த நாடகத்தில் இல்லை.

பார்வையாளரே மேடையேறி நடிக்கும் அரங்கு என்பது எப்படி நடக்கிறது?

பிரேசிலின் அகஸ்தோ போவால் உருவாக்கிய ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ என்ற முறையின் ஒரு பகுதி அது. விவாத அரங்கு, மன்ற அரங்கு என்றெல்லாம் தமிழில் சொல்கிறார்கள். ஒருவர் ஒடுக்கப்படும் சூழலைச் சிறு நாடகமாக முதலில் நடித்துக் காட்டுவார்கள்; அது தோல்வியில் முடியும். பிறகு அதே நாடகம் மீண்டும் தொடங்கும். பார்வையாளர் யாரும் “நிறுத்துங்கள்” என்று சொல்லி எழுந்து வந்து, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு வேறு வழியை முயன்று பார்க்கலாம். மற்ற நடிகர்கள் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். முதலாளியாக நடிப்பவர் முதலாளியைப் போலவே எதிர்ப்பார். இருதரப்புக்கும் நடுவே நின்று நடத்துபவரை ‘ஜோக்கர்’ என்பார்கள்.

இது பிறந்த கதையைப் போவாலே எழுதியிருக்கிறார். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் பணியாற்றியபோது, பார்வையாளர்கள் வாயால் தீர்வு சொல்ல, நடிகர்கள் அதை நடித்துக் காட்டும் முறையைத்தான் அவர் கையாண்டுவந்தார். அப்படி ஒருமுறை நடித்த நாடகத்தில், படிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் அவள் கணவன் சில தாள்களைக் கொடுத்து, வீடு கட்டப் பணம் கட்டிய ரசீதுகள், பத்திரமாக வைத்திரு என்கிறான். அவை உண்மையில் அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள். அவள் என்ன செய்யலாம் என்று கேட்டபோது பலரும் பலவாறு சொன்னார்கள். கூட்டத்திலிருந்த உடல்வாகான ஒரு பெண்மணி, “அவனோடு தெளிவாகப் பேச வேண்டும், பிறகு மன்னிக்கலாம்” என்றார். நடிகை தெளிவாகப் பேசிக் காட்டினார். அந்தப் பெண்மணிக்குத் திருப்தியில்லை. இன்னும் தெளிவாகப் பேசினார், அப்போதும் இல்லை. பொறுமையிழந்த போவால், நீங்களே வந்து காட்டுங்கள் என்றார். அவர் மேடையேறினார், துடைப்பத்தை எடுத்தார், கணவனாக நடித்தவரை வெளுத்து வாங்கினார். ‘தெளிவாகப் பேசுவது’ என்று அவர் சொன்னதற்குப் பொருள் அதுதான். அந்தச் சொல்லுக்கு எந்த நடிகராலும் அந்தப் பொருளைத் தந்திருக்க முடியாது. அவர் உடலுக்கு மட்டுமே அது தெரிந்திருந்தது.

பிற்காலத்தில் போவால் ரியோ டி ஜெனிரோ நகரமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1993 முதல் 1996 வரை பதவி வகித்தார். தன் நாடகக் குழுவினரையே அலுவலகப் பணியாளர்களாக்கி, பல்வேறு மக்கள் பிரிவினரோடு விவாத அரங்குகளை நடத்தி, அங்கே எழுந்த தீர்வுகளைச் சட்ட முன்வரைவுகளாக எழுதச் செய்தார். அவற்றில் 13 சட்டங்களாக நிறைவேறின. அரங்கால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு எண்ணிக்கையோடு பதில் சொல்ல முடிந்த மிகச் சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

வீதி நாடகத்துக்கும் மேடை நாடகத்துக்கும் இடத்தைத் தவிர என்ன வேறுபாடு?

இடம் மாறும்போதே எல்லாம் மாறிவிடுகிறது. அரங்கத்துக்கு வருபவர் நாடகம் பார்க்க முடிவு செய்து வந்தவர். வீதியில் நிற்பவர் பேருந்துக்குக் காத்திருப்பவர். எந்த நொடியிலும் போய்விடக்கூடியவர். நிற்க வைப்பதற்கு முதல் இரண்டு நிமிடம்தான் அவகாசம் என்பதால் தாளம், பாட்டு, உடலசைவு ஆகியவை வசனத்தைவிட முன்னே வருகின்றன.

டெல்லியைச் சேர்ந்த ஜன நாட்டிய மஞ்ச் 1973இல் தொடங்கியபோது பெரிய மேடை நாடகங்களையே செய்துவந்தது. நெருக்கடி நிலைக்குப் பிறகு, அப்படிப்பட்ட நாடகத்துக்குப் பணம் தரத் தொழிற்சங்கங்களிடம் வழியில்லாததால், குறைந்த செலவில் ஆளுள்ள இடத்துக்கே போகும் வடிவத்தை அது தேடியது. 1978இல் உருவான ‘மெஷின்’ ஏறத்தாழ 13 நிமிட நாடகம். மிதிவண்டி நிறுத்த ஓரிடமும் தேநீர்க் கடையும் கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்களில் 6 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வு அதற்குத் தூண்டுதல். நடிகர்கள் தங்கள் உடல்களையே இயந்திரமாகக் கோத்து ஓடுவார்கள். திடீரென்று அந்த இயந்திரம் நின்றுவிடும். மேடைப்பொருள் ஒன்றுகூட இல்லாமல் ஒரு வேலைநிறுத்தத்தை அதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

வங்காளத்தின் பாதல் சர்க்கார் இன்னொரு வழியில் வந்தவர். நகரமைப்புப் பொறியாளராக இருந்த அவர், ஒளியமைப்பு, காட்சித்தட்டி, நுழைவுச்சீட்டு ஆகிய மூன்றையும் துறந்து ‘மூன்றாம் அரங்கு’ என்ற முறையை வளர்த்தார். பணத்தைச் சார்ந்திருக்கும்வரை அரங்கு சுதந்திரமாகப் பேசாது என்பது அவருடைய எளிய தர்க்கம். 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறையின் தடத்தைப் பின்னர் வந்த தமிழ் வீதி நாடகங்களில் காணலாம்.

ஆவண நாடகத்தில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் உண்மையா?

சொற்கள் உண்மையாக இருக்கலாம், தேர்வு நாடகாசிரியருடையது. உண்மையான நேர்காணல்களையோ நீதிமன்றப் பதிவுகளையோ சொல் மாற்றாமல் எடுத்து நாடகமாக்கும் முறை கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் பெருகியிருக்கிறது. 1991இல் நியூயார்க்கின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் கறுப்பினத்தவருக்கும் யூதருக்கும் இடையே மூண்ட மோதலைப் பற்றி, இருதரப்பினரையும் நேர்கண்டு, அவர்களுடைய இருமலையும் தடுமாற்றத்தையும்கூட விடாமல், இருபதுக்கும் மேற்பட்டவர்களாகத் தான் ஒருவரே மாறி மாறி நடித்தார் ஆன்னா டெவேர் ஸ்மித். அங்கே ஒரே உடலில் இரண்டு எதிர்த்தரப்புகளும் குடியேறுவதே நாடகத்தின் வாதம். அதைத் தனியாக யாரும் வசனமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லண்டனில் 1993இல் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் வழக்கைக் காவல்துறை கையாண்ட விதம் பற்றிய பொது விசாரணையின் பதிவுகளைச் சுருக்கி, 1999 ஜனவரியில் டிரைசைக்கிள் அரங்கம் ‘நீதியின் நிறம்’ என்ற நாடகத்தை நடத்தியது. விசாரணை அறிக்கை அடுத்த மாதம்தான் வெளிவந்தது. அதிரடியான நடிப்பு இல்லை, இசை இல்லை. மேசை, கோப்புகள், சலிப்பூட்டும் குறுக்கு விசாரணை. இறுதியில் ஒரு நிமிட மௌனம். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் எழுந்து நின்றார்கள்.

இம்முறையில் இடறும் இடமும் உண்டு. தன் வாழ்க்கையின் மிக மோசமான நாளைப் பற்றி ஒருவர் பேசியதை வெட்டி ஒட்டி, அவர் இல்லாத மேடையில் இன்னொருவர் பேசிக் கைதட்டல் வாங்குகிறார். ஒப்புதல் வாங்கப்பட்டதா, இறுதிப் பனுவல் அவரிடம் காட்டப்பட்டதா, பின்னாளில் வேண்டாம் என்று அவர் சொன்னால் நீக்கப்படுமா என்று ஒத்திகைக்கு முன்பே கேட்டுக்கொள்ளாத குழு, ஆவண நாடகத்தைத் தொடாமலிருப்பது நல்லது.

ஓர் அடையாளத்தைச் சேர்ந்தவரின் பாத்திரத்தை அதே அடையாளத்தைச் சேர்ந்தவர்தான் நடிக்க வேண்டுமா?

இந்தப் பட்டியலில் அதிகம் சூடேறும் கேள்வி இதுதான். நடிப்பு என்பதே பிறனாக மாறுவதுதானே என்பது ஒரு தரப்பு. மாறும் உரிமை எல்லோருக்கும் சமமாகக் கிடைத்திருக்கிறதா என்பது மறுதரப்பு. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லாமல் முதலாவதைப் பேசுவது அரைகுறைப் பேச்சு என்பதே என் கருத்து.

1990இல் ‘மிஸ் சைகோன்’ இசை நாடகம் லண்டனிலிருந்து நியூயார்க்கின் பிராட்வேக்கு வரவிருந்தபோது, ஆசியக் கலப்பினப் பாத்திரத்தில் வெள்ளையின நடிகர் ஜானதன் பிரைஸ் நடிப்பதற்கு நடிகர் சங்கம் அனுமதி மறுத்தது. தயாரிப்பாளர் நாடகத்தையே ரத்து செய்வதாக அறிவித்ததும் சங்கம் முடிவை மாற்றிக்கொண்டது. 1996இல் கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் வேறொரு கோணத்திலிருந்து பேசினார். நிறம் பாராமல் நடிகரைத் தேர்ந்தெடுப்பது முற்போக்கு என்று பலர் எண்ணிக்கொண்டிருந்தபோது, வெள்ளையர்களின் நாடகங்களில் கறுப்பர்களுக்கு இடம் தருவது எதையும் தீர்க்காது, கறுப்பர்களின் கதைகளைச் சொல்லக் கறுப்பர்களின் அரங்கங்களே வேண்டும் என்றார். நடிகர் தேர்வைப் பற்றிய சச்சரவு, பணமும் கட்டடமும் யாரிடம் இருக்கின்றன என்ற கேள்வியாக அங்கே மாறியது.

தமிழ்ச் சூழலில் ஆண் பெண்வேடம் கட்டுவது கூத்தின் நெடுங்காலப் பழக்கம்; அதைத் திறமையின் உச்சமாகக் கொண்டாடுகிறோம். அதே மேடையில் ஒரு திருநங்கை பெண்ணாக நடிக்க முன்வந்தால் எத்தனை குழுக்கள் வாய்ப்புத் தந்திருக்கின்றன? திருநர் கலைஞர்கள் தாங்களே தொடங்கிய பன்மை நாடகக் குழு, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதித் தாங்களே நடித்தது. தலித் அரங்கும் இப்படித்தான் தன் மேடையைத் தானே அமைத்துக்கொண்டது, கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ தமிழின் முதல் தலித் நாடகமாகக் குறிப்பிடப்படுகிறது. பறையும் நாட்டார் பாடலும் அங்கே அலங்காரமாக வரவில்லை. இழிவென்று ஒதுக்கப்பட்ட கலையே நாடகத்தின் மொழியாக நின்றது.

எனவே நடைமுறையில் என்ன செய்வது? ஒரு பாத்திரத்தின் வாழ்வை வாழ்ந்தவர்கள் நடிக்கக் கிடைக்கும்போது அவர்களுக்கே முதல் அழைப்பு போக வேண்டும். அதோடு, அந்த அடையாளத்தோடு தொடர்பில்லாத பாத்திரங்களுக்கும் அவர்கள் அழைக்கப்பட வேண்டும். திருநங்கை திருநங்கையாகவும், மாற்றுத்திறனாளி மாற்றுத்திறனாளியாகவும் மட்டுமே மேடையேற முடியும் என்றால், மதிப்புக் கொடுப்பதாக எண்ணி இன்னொரு கூண்டைக் கட்டியவர்கள் ஆவோம். காது கேளாத நடிகர்களும் கேட்கும் நடிகர்களும் சேர்ந்து சைகையும் பாட்டுமாக நடித்த ‘வசந்தத்தின் விழிப்பு’ 2015இல் பிராட்வேயில் மேடையேறியபோது, கதை காது கேளாமையைப் பற்றியதாக இல்லை. பெரியவர்கள் சொல்ல மறுப்பதால் தவிக்கும் பிள்ளைகளின் கதை அது. பேச்சு போய்ச் சேராத அந்தத் தவிப்புக்குச் சைகைமொழி புதிய ஆழத்தைத் தந்தது.

நாடகத்தின் மொழி அரசியலாக முடியுமா?

கென்யாவில் நடந்ததைப் பார்க்கலாம். கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தில் எழுதிய, ஆட்சியைக் கடுமையாக விமர்சித்த நாவல் 1977இல் வெளிவந்தது. அவர்மேல் யாரும் கை வைக்கவில்லை. அதே ஆண்டு கமிரீத்து என்னும் ஊரின் உழவர்களோடும் தொழிலாளர்களோடும் சேர்ந்து, கூகி வா மிரீயுடன் இணைந்து, அவர்களுடைய கிக்குயு மொழியில் ஒரு நாடகம் செய்தார். ஊர்மக்களே திறந்தவெளி அரங்கைக் கட்டினார்கள். ஒத்திகையிலேயே வசனங்களைத் திருத்தினார்கள். சில வாரங்களில் உரிமம் பறிக்கப்பட்டது. அந்த ஆண்டின் கடைசி நாளில் கூகி வா தியாங்கோ கைது செய்யப்பட்டு, விசாரணையின்றி ஏறத்தாழ ஓராண்டு சிறையில் வைக்கப்பட்டார். 1982இல் காவல்துறை அந்த அரங்கை இடித்துத் தரைமட்டமாக்கியது. ஆங்கில நாவலைப் பொறுத்துக்கொண்ட அரசால் ஊர்மொழி நாடகத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்றைய அரசியலைப் பேசப் பழைய நாடகங்களை ஏன் எடுக்கிறார்கள்?

சில வேளைகளில் நேரடியாகப் பேச முடியாததால். சில வேளைகளில் பழைய கதை இன்னும் தீராததால். தடையை மீறித் தன் அண்ணனை அடக்கம் செய்யும் கிரேக்க நாடக நாயகி ‘ஆன்டிகனி’யை எத்தனை நாடுகள் தங்கள் கதையாக்கிக்கொண்டிருக்கின்றன என்று கணக்கெடுப்பது கடினம். தமிழில் மு. ராமசாமி அதைத் ‘துர்க்கிர அவலம்’ என்று மேடையேற்றினார்.

தென்னாப்பிரிக்காவில் அத்தோல் ஃபுகார்டும் கறுப்பின நடிகர்களான ஜான் கானி, வின்ஸ்டன் ந்ஷோனா இருவரும் சேர்ந்து உருவாக்கிய ‘தீவு’ 1973இல் கேப் டவுனில் மேடையேறியது. அரசியல் கைதிகளை அடைத்துவைத்த ராபன் தீவுச் சிறையைப் பற்றி வெளியே பேசுவதே குற்றமாக இருந்த காலம்; எனவே முதலில் வேறு பெயரில் நடத்தினார்கள். தொடக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு கைதிகள் இல்லாத மணலை இல்லாத வண்டியில் அள்ளி, மேடையின் ஒருமுனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளுகிறார்கள். ஒருவர் கொட்டிய இடத்தில் மற்றவர் அள்ளுகிறார். குவியல் குறைவதே இல்லை. பார்ப்பவர்களுக்கே மூச்சு வாங்கும் அளவுக்கு நீண்டுகொண்டுபோகும் அந்தக் காட்சிக்குப் பிறகே பேச்சு தொடங்குகிறது. அந்த இருவரும் சிறைக்குள் ஆன்டிகனியை நடிக்க ஒத்திகை பார்ப்பதே கதை. வெளியே, அன்றைய இனஒதுக்கல் விதிகளின்படி, கறுப்பர்களுக்கு நடிகர் என்ற தொழிலே அனுமதிக்கப்படாததால், கானியும் ந்ஷோனாவும் ஃபுகார்டின் வீட்டுப் பணியாளர்கள் என்றே பதிவு செய்யப்பட்டிருந்தார்கள்.

தணிக்கை இன்று எப்படிச் செயல்படுகிறது?

எழுதிய பனுவலை முன்கூட்டியே அதிகாரியிடம் கொடுத்து ஒப்புதல் பெறும் பழைய முறை பல நாடுகளில் ஒழிந்துவிட்டது. பிரிட்டனில் 1737இல் சட்டமான முன்தணிக்கை 1968இல்தான் முடிவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1954ஆம் ஆண்டின் நாடகச் சட்டத்தில் இருந்த தணிக்கைப் பிரிவுகள் செல்லாதவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. சட்டம் விலகிய இடத்தில் கூட்டம் வந்து நிற்கிறது என்பதுதான் சிக்கல். 2004இல் பர்மிங்காமில் குர்ப்ரீத் கவுர் பட்டியின் ‘பெஸ்தி’ நாடகம், வழிபாட்டிடத்தில் நிகழும் பாலியல் வன்முறையைக் காட்டியதற்காக எழுந்த போராட்டத்தால் நிறுத்தப்பட்டது. எழுதியவர் தலைமறைவாக வேண்டியிருந்தது. அரங்கம் கிடைக்காமற்போவது, காப்பீடு மறுக்கப்படுவது, கடைசி நேரத்தில் மின்சாரம் போவது என்று கையெழுத்தில்லாத தணிக்கைகள் பல.

பெலாரஸில் 2005இல் தொடங்கிய சுதந்திர நாடகக் குழு, பதிவு பெற வழியின்றி, தனியார் வீடுகளில் ரகசியமாக நாடகம் நடத்தியது. 2007இல் காவலர்கள் ஒரு நிகழ்வுக்குள் புகுந்து நடிகர்களோடு பார்வையாளர்களையும் பிடித்துச் சென்றார்கள். நாடகம் பார்க்க வரும்போது அடையாள ஆவணத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டானது. காவல் நிலையத்திலிருந்து விரைவில் வெளியேற அது உதவும்.

ஏற்கெனவே உடன்படுபவர்கள்தானே இத்தகைய நாடகங்களுக்கு வருகிறார்கள்?

பெரும்பாலும் ஆம், குறிப்பாக நகர அரங்கங்களில். அதை ஒப்புக்கொண்டே பேச வேண்டும். ஆனால் உடன்படுபவர்கள் என்று நாம் நினைப்பவர்கள் எதில் உடன்படுகிறார்கள் என்று கிளறிப் பார்க்கலாம். சாதிக் கொடுமை தவறு என்பதில் அரங்கம் முழுவதும் ஒன்றுபடும். நம் வீட்டுத் திருமணத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் அரங்கம் நெளியும். அந்த நெளிவை உண்டாக்காமல், தங்கள் கருத்து சரிதான் என்ற நிறைவோடு மக்களை வீட்டுக்கு அனுப்பும் நாடகங்கள் நிறைய வருகின்றன. அவற்றை மோசமான நாடகங்கள் என்று சொல்லத் தயங்கத் தேவையில்லை, கருத்து நல்லதாகவே இருந்தாலும்.

அரங்கு தீங்கும் செய்யுமா?

செய்யும். கி.மு. 423இல் அரிஸ்டோஃபனிஸ் தன் ‘மேகங்கள்’ நாடகத்தில் சாக்ரட்டீஸைக் காற்றில் தொங்கும் கோமாளித் தத்துவவாதியாகக் காட்டினார். 24 ஆண்டுகள் கழித்து நடந்த வழக்கில், நீதிபதிகளின் மனத்தில் தன்னைப் பற்றிய தப்பெண்ணத்தை விதைத்தவற்றுள் அந்த நகைச்சுவை நாடகமும் ஒன்று என்று சாக்ரட்டீஸ் குறிப்பிட்டதாகப் பிளேட்டோ எழுதுகிறார். ஒரு சமூகத்தை மீண்டும் மீண்டும் திருடராகவோ முட்டாளாகவோ காட்டும் மேடைக்கும் இதே வலு உண்டு.

திட்ட நிதியில் செய்யப்படும் விழிப்புணர்வு நாடகங்களை அரசியல் நாடகங்களில் சேர்க்கலாமா?

சிலவற்றைச் சேர்க்கலாம். நிதி தருபவர் செய்தியை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் நாடகம் அறிவிப்புப் பலகையாகிவிடும்: கழிப்பறை கட்டுங்கள், குடிக்காதீர்கள், பெண்ணைப் படிக்க வையுங்கள். இவற்றில் தவறில்லை. ஆனால் ஊரில் தண்ணீர் ஏன் ஒரு தெருவுக்கு மட்டும் வருகிறது என்று பார்வையாளர் ஒருவர் எழுந்து கேட்டால், நடிகர்களுக்குப் பதில் சொல்ல அனுமதி இருக்கிறதா? அனுமதி இருந்தால் அது அரங்கு.

போரையும் வன்முறையையும் அனுபவித்தவர்களின் முன்னால் அவற்றையே நடித்துக் காட்டலாமா?

அவர்களுக்காகவா, அவர்களைப் பற்றி மற்றவர்களுக்காகவா என்பதைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்தில் 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’, அந்தத் துயரத்துக்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருந்த மக்களிடையே ஊரூராக ஆற்றுகை செய்யப்பட்டது. நடந்ததைத் தத்ரூபமாகக் காட்டாமல் கவிதையும் பாடலும் குழு அசைவுமாக அது அமைந்திருந்தது. ஏற்கெனவே கண்டவர்களுக்கு மறுபடி இரத்தம் காட்டத் தேவையில்லை.

ஆபத்து இருக்கும்போதும் ஏன் நேரிலேயே நடிக்கிறார்கள்? பதிவு செய்து வெளியிட்டால் போதாதா?

1989 ஜனவரி 1 அன்று, டெல்லிக்கு அருகே சாஹிபாபாத் தொழிற்பகுதியில் உள்ள ஜண்டாபூரில், ஜன நாட்டிய மஞ்ச் குழுவினர் ‘ஹல்லா போல்’ என்ற வீதி நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். தலையில் படுகாயமடைந்த சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்தார்; அவருக்கு வயது 34. ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மொலோயஸ்ரீ ஹாஷ்மியும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பி வந்தார்கள். பாதியில் நின்றுபோன நாடகத்தை, பல்லாயிரம் பேர் சூழ்ந்து நிற்க, முழுவதுமாக நடித்து முடித்தார்கள்.